ஐந்து மில்லி: கழிப்பதா, கூட்டுவதா

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் புது மென்பொருள் வந்திருக்கிறதாம். போன மாதம் அங்கிருந்து நிஷா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேஜையில் உட்காருகிற பெண் அவள். திரையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதன் பக்கத்தில் 'கன அளவுத் திருத்தம்' என்று போட்டிருக்கிறது, அதை டிக் செய்ய வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள்.

"டிக் பண்ணினாலும் பண்ணல்லேன்னாலும் பிரஷர் ஒண்ணாத்தான் வருது ஆண்டி. அப்போ அது என்னத்துக்கு?" என்றாள்.

ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் கேட்ட அதே கேள்வியை நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். அதனால் கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு மனிதர் நின்றிருந்த இடம் தீப்பிடித்து எரிந்திருக்கலாம். நிஷாவுக்கு ஒரு வரி போதும் என்று நினைத்தது தப்பு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபது வருடம் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். குடுவை கழுவுவது, கரைசல் தயாரிப்பது, பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்குவது, நடுவில் கொஞ்சம் பாடமும் சொல்லிக்கொடுப்பது. 2006இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் புது வேலை தேடிப் போனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்காலி போட்டு மரியாதையாக வழியனுப்பி வைப்பார்கள். நாலைந்து இடத்தில் அந்த மரியாதையை வாங்கிக்கொண்ட பிறகுதான் சேவியர் சாரின் அலுவலகத்துக்குப் போனேன்.

ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஆறு மேஜை, இரண்டு மின்விசிறி. அவ்வளவுதான் அலுவலகம். சாருக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. மணவாளக்குறிச்சிக்காரர், கடற்கரைக் குடும்பம். வளைகுடாவில் எண்ணெய் நிறுவனங்களில் பத்து வருடம் எஞ்சினியராக இருந்துவிட்டு ஊருக்கு வந்து இதைத் தொடங்கியிருந்தார். என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்பது மில்லி வெள்ளமும் அம்பது மில்லி ஸ்பிரிட்டும் சேத்தா எவ்வளவு வரும்?"

"நூறு வராது சார். தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழு வரும்."

"மிச்சம் எங்க போச்சு?"

"எங்கயும் போவல்ல சார். எடை அப்படியேதான் இருக்கும். ரெண்டும் நெருங்கி உக்காருது, அவ்வளவுதான்."

"நாளைக்கே வந்திருங்க அக்கா" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு சார், நான் அவருக்கு அக்கா. பன்னிரண்டு வருடமும் இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளவில்லை.

வேலை என்னவென்றால், மும்பையிலும் வளைகுடாவிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்குகளில் ஒரு பகுதியை எங்களிடம் தரும். இன்னின்ன வாயுக்கள் இன்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன, இவ்வளவு சூடு, இவ்வளவு அழுத்தம். இதில் எவ்வளவு திரவமாக இருக்கும், எவ்வளவு ஆவியாக இருக்கும், எவ்வளவு இடத்தை அடைக்கும்? இதைச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. இதை எங்கள் தெருவில் விளக்க முடியாமல் "கேஸ் கணக்கு பாக்கேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதோடு வந்தது வினை. "எக்கா, சிலிண்டரு புக் பண்ணி ஒரு மாசமாச்சு, கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் வாசலில் நின்றார்கள். இன்றுவரை ஒருவருக்கும் ஒரு சிலிண்டர் வாங்கித்தர என்னால் முடியவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று இரண்டு வீட்டார் இன்னும் நினைக்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. கால்குலேட்டரும் தாளும்தான். அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, விரலில் பேனாக் காய்ப்பு விழுந்தது. ஆனால் அங்கேதான் நிலைச் சமன்பாடு என்பதை முதன்முதலில் கையால் போட்டுப் பார்த்தேன். சூட்டையும் அழுத்தத்தையும் கொடுத்தால், ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று அது சொல்லும். மூன்று விடை வரும். பெரிய விடை ஆவி. சின்ன விடை திரவம். நடுவில் வருவதற்கு உலகத்தில் பொருளே கிடையாது. "நடுவுல உள்ளத எடுக்கவங்க வீட்டுக்குப் போலாம்" என்பார் சார்.

எனக்கு அப்போது வந்த ஆச்சரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சமையலறையில் நிற்கும் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே திரவம் கிடக்கிறது, மேலே ஆவி நிற்கிறது. இரண்டையும் ஒரே ஒரு வரிச் சமன்பாடு ஒருசேர அறிந்திருக்கிறது. சிலிண்டரைத் திறந்து பார்க்காமல், உள்ளே எட்டிப் பார்க்காமல், ஒரு தாளில் உட்கார்ந்துகொண்டு அது சொல்கிறது. இருபது வருடம் ஆய்வகத்தில் இருந்தவள் நான். அன்று மத்தியானம் சோற்றுப்பொதியைப் பிரிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு ஒரு குறை உண்டு. எந்த அழுத்தத்தில் கொதிக்கும் என்பதைச் சொன்னால் அச்சாகச் சொல்லும். திரவம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கேட்டால் கொஞ்சம் பிசகும். சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று புரோப்பேன்; அதில் எண்ணி வைத்த ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் அதை ஒரு மோல் என்போம். அது திரவமாக இருக்கும்போது உண்மையில் தொண்ணூறு மில்லிக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கும். நாங்கள் பயன்படுத்திய சமன்பாடு அதைவிட ஐந்து மில்லி கூடுதலாகச் சொல்லும். அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ஐந்தைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான் கன அளவுத் திருத்தம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். கலவையாக இருந்தால் எது எவ்வளவு பங்கு இருக்கிறதோ அந்தப் பங்குக்கு அதன் எண்ணைச் சேர்த்துக் கழித்துவிட வேண்டும்.

கேட்டபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் ஆய்வகத்தில் விடை வராவிட்டால் கடைசியில் ஒரு எண்ணைக் கூட்டிக் கழித்து ஒப்பேற்றுவார்கள், அந்த வேலையாக அல்லவா இருக்கிறது? முகம் சுளித்துக்கொண்டேதான் ஐந்தைக் கழித்தேன். திரவத்தின் அளவு, மனிதர்கள் அளந்து எழுதிவைத்த எண்ணோடு வந்து பொருந்தியது. பிறகு கொதிக்கும் அழுத்தத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கடைசிப் புள்ளிவரை மாறவில்லை. எங்கேயோ கழிக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் மாறவில்லை. சாரிடம் கொண்டுபோனேன்.

"மாறாது அக்கா. ரெண்டுபேரு ஒரு பெஞ்சில இருக்காங்க. பெஞ்சப் பிடிச்சு ஒரு அடி தள்ளியாச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள தூரம் மாறுமா? திரவத்துல இருந்து அஞ்சு, ஆவியில இருந்தும் அஞ்சு. ஆவிக்கு அது ஒரு கணக்கே இல்ல, ரெண்டாயிரம் மில்லிக்க மேல இருக்கு. திரவத்துக்கு அதுதான் எல்லாம். ஆனா ரெண்டுக்கும் உள்ள ஒப்பந்தம் அப்படியே நிக்கும்."

ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெடும் என்பதுதான் நான் அதுவரை கண்ட உலகம். ஒன்றையும் கெடுக்காமல் ஒன்றைச் சரிசெய்யலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன். பிரமித்துப்போனேன் என்று சொன்னால் அது குறைவு. பல நாள் பஸ்ஸில் போகும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

சாரின் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணக்கைத் தொடங்கும் முன்பே தாளின் தலையில் எழுத வேண்டும்: இந்த விடை பிசகினால் மேலே பிசகுமா, கீழே பிசகுமா? பிசகினால் யாருக்கு ஆபத்து? விடை வந்த பிறகு இதை எழுதினால் தாளைக் கிழித்துவிடுவார். "தப்பு" என்ற சொல்லை அவர் வாயால் கேட்டது குறைவு. எண்ணின்மேல் விரலை வைத்து, "இது எங்க நிக்கி அக்கா?" என்பார். அது எதன்மேல் நிற்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் விரலை எடுக்க மாட்டார். தாளைச் சரிபார்க்கும்போது உட்கார மாட்டார். எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டுதான் பார்ப்பார். கேட்டதற்கு, "இருந்து பாத்தா எல்லாம் செரியாத்தான் தோணும்" என்றார்.

இரண்டு சாட்சி இல்லாமல் எந்தத் தாளும் வெளியே போகாது. ஒன்று, கொதிக்கும் அழுத்தம் அளந்த எண்ணோடு பொருந்த வேண்டும். இன்னொன்று, ஏதாவது ஒரு தனிப்பொருளின் அடர்த்தி பொருந்த வேண்டும். அளந்த எண்களெல்லாம் அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்தில் இருந்தன. அட்டை கிழிந்து, பிளாஸ்டர் ஒட்டிய புத்தகம். இரண்டு சாட்சியும் பார்த்த பிறகு, தாளின் அடியில் கணக்குப் போட்டவர் சுருக்கொப்பம் போட வேண்டும். அதற்குக் கீழே அலுவலகத்தின் போன் நம்பர். மற்ற நிறுவனங்கள் போன் நம்பர் போடுவதில்லை. "நாம போட்ட நம்பர வச்சு வால்வத் திருப்புகவன் நம்மள விளிக்கணும்னு நெனச்சா விளிக்க முடியணும்" என்பது சாரின் பிடிவாதம்.

நான் சேர்ந்து ஐந்து வருடம் ஆன சமயம் அந்த வேலை வந்தது. வளைகுடாவில் ஒரு சேமிப்புக் கிடங்கு. வெயிலில் நீளவாக்கில் கிடக்கும் இரும்புத் தொட்டிகள். கப்பலில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்து வரும், ஒவ்வொரு கப்பலிலும் விகிதம் வேறு. ஒரு தொட்டியில் எத்தனை டன் ஏற்றலாம் என்பதற்கு எங்களிடம் அட்டவணை கேட்டார்கள். முழுவதும் நிரப்பக் கூடாது. சூடானால் திரவம் விரியும். மிகக் கொடிய வெயிலிலும் மேலே கொஞ்சம் ஆவிக்கு இடம் மிஞ்ச வேண்டும். அந்த இடம் இல்லாமல்போனால் விரிகிற திரவத்துக்கு ஒதுங்க வழியில்லை, இரும்பு விட்டுக்கொடுக்காது. பாதுகாப்பு வால்வு திறக்கும்தான். ஆனால் அது ஆவியை விடுவதற்காக வைத்தது. திரவம் பீய்ச்சி அடித்தால் அது மேகமாகப் பரவி, எங்கே ஒரு பொறி கிடைக்கும் என்று தரையோடு தவழ்ந்து போகும். தாளின் தலையில் நானே எழுதியிருந்தேன்: 'இடத்தைக் குறைத்துச் சொன்னால் ஆபத்து, தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு.'

அந்த நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சமன்பாடு வேண்டாம், அதன் சகோதரி போன்ற இன்னொன்றைப் பயன்படுத்துங்கள் என்றார்கள். எங்கள் கம்ப்யூட்டர் நிரலில் சமன்பாட்டு வரிகளை மாற்றி எழுதினேன். திருத்த எண்களின் பட்டியலை மாற்றவில்லை. பழைய பட்டியல் அப்படியே இருந்தது. மறதியால் விட்டதல்ல, யோசித்தே விட்டேன். புரோப்பேனுக்கு ஐந்து என்றால் புரோப்பேனுக்கு ஐந்துதான். சமன்பாடு மாறினால் புரோப்பேன் மாறுமா என்ன?

பிறகு அழுத்தத்தைச் சரிபார்த்தேன். புத்தகத்தில் இருந்த எண்ணோடு அப்படிப் பொருந்தியது. ஒரு சூட்டில் பார்த்தேன், இன்னொரு சூட்டில் பார்த்தேன், கலவைக்குப் பார்த்தேன். எல்லாம் மணியாக இருந்தது. அந்த அழகில் சொக்கிப்போய் இரண்டாவது சாட்சியைக் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. சொல்வதற்கு எனக்கு ஒரு சாக்கும் கிடையாது.

சார் தாளோடு ஜன்னலோரம் போய் நின்றார். "ரெண்டு சாட்சியும் பாத்தியளா அக்கா?"

"பாத்தாச்சு சார்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக அது வாயில் வந்தது. ஐந்து வருடத்தில் நான் அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அதனால்தான் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. என் சுருக்கொப்பத்தோடு அட்டவணை போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து, காலை பத்தரை மணி இருக்கும், போன் வந்தது. முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினார். கிடங்கில் ஆப்பரேட்டராம், அட்டவணையின் அடியில் நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறாராம். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கி நாலு வார்த்தை போகவில்லை.

"யக்கா, நீங்க நம்ம ஊராக்கும்?"

"நாகர்கோவில்."

"நான் கடியபட்டணம். பேரு ஸ்டீபன். யக்கா, ஒங்க சார்ட்டு இன்னும் முப்பது டன் ஏத்தலாம்னு சொல்லுது. இப்ப ஏத்தியிருக்க சரக்குக்கு அறுபது பெர்சன்ட்டு நிக்கணும்னு போட்டிருக்கிய. எனக்க கேஜ் அறுபத்தேழு காட்டுது."

"கேஜப் பாக்கச் சொல்லுங்க தம்பி. எங்க கணக்கு சரிபாத்தது" என்றேன். மறுபடியும் அந்தப் பொய்.

"எங்க சூப்பர்வைசரும் அதத்தான் சொல்லுகாரு. செரி, கேஜ் பொய் சொல்லும்னு வைங்க. ஆனா சரக்கு குளுந்துல்லா வருது, இங்க காத்துல ஈரம் வேற. டேங்கு வெளிய வேர்த்திருக்கு. உள்ள எதுவர சரக்கு நிக்கோ அதுவரைக்கும்தான் வேர்க்கும். அந்தக் கோட்ட நான் எனக்க கண்ணால பாத்துட்டு நிக்கேன். அதுவும் கேஜ் சொல்லுக எடத்துலதான் நிக்கி."

அட்டவணையின் நகலை இழுத்து எடுத்தேன். "இப்ப ஏத்திட்டா இருக்கியா?"

"நிறுத்தி வச்சிருக்கேன். அவரு ஏத்துன்னு சொல்லுகாரு. நான் ஆபீசுல கேட்டுட்டுதான் தொறப்பேன்னு சொல்லிட்டேன். கால் மணிக்கூர் தந்திருக்காரு."

"தொறக்காதே தம்பி. நான் விளிக்கேன்" என்று சொல்லிவிட்டு அலமாரிக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். தனிப் புரோப்பேன், சாதாரணச் சூடு, ஒரு மோல் திரவம் எவ்வளவு இடம்? புத்தகத்தில் தொண்ணூறுக்குப் பக்கம். என் நிரல் எண்பதுக்குப் பக்கம் காட்டியது. பிறகு திருத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எண்பத்தைந்து.

அப்போதுதான் புரிந்தது. பழைய சமன்பாடு புரோப்பேனின் இடத்தை ஐந்து மில்லி கூட்டிச் சொல்லும், அதனால் கழிக்க வேண்டும். புதிய சமன்பாடு ஏறக்குறைய ஐந்து மில்லி குறைத்துச் சொல்கிறது, அதனால் கூட்ட வேண்டும். ஏற்கெனவே குறைத்துச் சொல்கிற ஒன்றிலிருந்து நான் இன்னும் ஐந்தைக் கழித்திருக்கிறேன். அந்த ஐந்து புரோப்பேனுடையது என்று நினைத்திருந்தேன். புரோப்பேனுக்கு ஒரு குறையும் கிடையாது. குறை முழுக்கச் சமன்பாட்டுடையது. எந்தச் சமன்பாடோ அதற்கு அதன் திருத்தம். நிஷாவுக்குப் போனில் நான் சொன்ன ஒரு வரி இதுதான்.

அழுத்தம் அவ்வளவு அழகாகப் பொருந்தியதும் அதனால்தான். திருத்தம் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் அழுத்தம் அசையாது. பெஞ்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரம் மாறாது. எதைப் பார்த்து ஐந்து வருடம் வியந்தேனோ, அதுவே என் தப்பை ஒரு மாதம் மூடி வைத்திருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பட்டியலை மாற்றி, 'திருத்திய பதிப்பு' என்று மேலே போட்டு, ஒரு வரி மின்னஞ்சலோடு அனுப்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி அனுப்பினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். திருத்திய பதிப்புகள் வாரம் இரண்டு போவது வழக்கம்தான். அந்த நினைப்பு ஒரு நிமிடம் என்னோடு இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் எட்டு நிமிடம் போய்விட்டிருந்தது. எழுந்து சாரின் மேஜைக்குப் போனேன்.

"சார், அந்தத் தொட்டி அட்டவணை. நான் அடர்த்தி பாக்கல்ல. பாத்தேன்னு சொன்னேன்."

அவர் எழுந்து நின்றார். "மேலயா, கீழயா?"

"உண்மையில எடம் கூடுதல் வேணும் சார். நாம குறைச்சுச் சொல்லியிருக்கோம்."

"எவ்வளவு?"

"பத்துல ஒரு பங்குக்கு மேல."

ஸ்டீபன் சொன்னதையும் அவர் நம்பரையும் சொன்னேன். ஏன், எப்படி என்று சார் கேட்கவில்லை. போனை எடுத்தார்.

"ஸ்டீபனா? நான் சேவியர், மணவாளக்குறிச்சி. வால்வ மூடிப் பூட்டு மக்கா. தப்பு எங்களுக்க பக்கம். ஒனக்க கேஜ் செரி. போனை சூப்பர்வைசர்ட்ட குடு."

சூப்பர்வைசரிடம் ஆங்கிலத்தில் அதையே சொன்னார். அட்டவணை தப்பு, எங்கள் தப்பு, எழுத்தில் வரும், அதுவரை ஒரு டன்கூட ஏற்றக் கூடாது. பெயர் சொல்லாமல், சுற்றி வளைக்காமல், நாலு வரி. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஏன்னு பொறவு பேசலாம் அக்கா. இப்ப நம்பர் வேணும்."

புதுச் சமன்பாட்டுக்கு உரிய பட்டியலைத் தேடி எடுத்து ஒவ்வொரு எண்ணாக மாற்றினேன். புரோப்பேனுக்கு இந்த முறை கூட்டல். பிறகு சார் அந்தக் கிழிந்த புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் நிரலில் வருவதை வாசித்தேன், அவர் புத்தகத்தில் இருப்பதை வாசித்தார். புரோப்பேன், பியூட்டேன், மூன்று சூட்டில். அழுத்தம், அடர்த்தி. பொருந்தியது. எல்லாம் முடித்து, அந்தத் தொட்டியில் அப்போது இருந்த டன்னுக்கு, அப்போதிருந்த சூட்டில், எவ்வளவு நிற்க வேண்டும் என்று போட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டீபனைக் கூப்பிட்டார் சார். நம்பரை நான் சொல்லும் முன் அவரிடமிருந்து கேட்டுவிடச் சொன்னார்.

"தம்பி, ஒங்க கேஜ் இப்ப என்ன சொல்லுது?"

"அறுபத்தேழுக்க மேல ஒரு நூல், யக்கா."

என் திரையில் இருந்தது அறுபத்தேழு புள்ளி இரண்டு.

அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பாதி பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. மறு பாதி வியப்பு. நான் அந்தத் தொட்டியைப் பார்த்ததில்லை. அந்த நாட்டை, அந்தக் கடலைப் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்கு மேலே ஒரு மாடியில் இருந்துகொண்டு, ஒரு சமன்பாட்டில் ஐந்து மில்லியை வைக்க வேண்டிய பக்கத்தில் வைத்தேன். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இரும்பின்மேல் வியர்த்திருந்த கோடு அங்கே வந்து நின்றது. வந்து நின்றது என்று சொல்வதுகூட என் அகந்தை. கோடு முதலிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தது. நான்தான் போய்ச் சேர்ந்தேன். அந்த நிமிடத்துக்கு இணையான ஒன்றை என் வாழ்க்கையில் கோயிலில் ஜெபிக்கும்போது மட்டும்தான் உணர்ந்திருக்கிறேன், அங்கேயும் தினமும் அல்ல.

புது அட்டவணை பதினொன்றரைக்குப் போனது. சார் கடிதம் எழுத உட்கார்ந்தார். எங்கள் சரிபார்ப்பில் ஒரு படி விடுபட்டது என்று எழுதினார். யார் விட்டது என்று எழுதவில்லை. அந்த நிறுவனம் பிறகு ஒரு வருடம்வரை எங்கள் தாள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சியின் எண்களையும் கூட இணைத்து அனுப்பச் சொன்னது. வேலையை நிறுத்தவில்லை. என்னையும் சார் நிறுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை. அன்றிலிருந்து நானும் தாளை எழுந்து நின்றுதான் பார்த்தேன்.

கடிதத்தில் கடைசிப் பத்தியைக் காலியாக விட்டிருந்தார்.

"ஒரு கணக்கு பாக்கி இருக்கு அக்கா. நம்ம பழைய சார்ட்டுப்படி முழுசும் ஏத்தியிருந்தா, எந்தச் சூட்டுல தொட்டி நெறஞ்சிருக்கும்? ஆவிக்கு ஒரு துளிகூட எடம் இல்லாம."

எனக்கு அதைப் போடக் கை வரவில்லை. "அது எதுக்கு சார்? அதான் நிறுத்தியாச்சே. தப்புன்னு எழுதினாப் போராதா?"

"பக்கத்துல நிக்கது அவனாக்கும். அவனுக்குத் தெரியணும்" என்றார். குரலை உயர்த்தவில்லை.

போட்டேன். சூட்டை ஒவ்வொரு பாகையாக ஏற்றிக்கொண்டே போனேன். முப்பதில் நூற்றுக்கு இரண்டு இடம் மிச்சம். முப்பத்தைந்தில் அரை. முப்பத்தேழைத் தொடுவதற்குள் ஒன்றுமில்லை. அந்த ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் உள்ளே இருக்கிற சரக்கு அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். முப்பத்தேழு என்று தாளில் எழுதி, சுருக்கொப்பம் போட்டு, சாரிடம் நீட்டினேன். அவர் அதைக் கடிதத்தில் சேர்த்துவிட்டு, போனை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சொல்லுங்க."

ஸ்டீபன் எடுத்தார். அங்கே வெயில் ஏறிவிட்ட நேரம். பின்னால் காற்றின் சத்தம் கேட்டது.

"தம்பி, நான் எஸ்தர் பேசுகேன். அந்தச் சார்ட்டு போட்டது நானாக்கும். சரிபாக்காம சரிபாத்ததா சொன்னேன். காலையில ஒங்ககிட்டயும் அதையே சொன்னேன். அந்த முப்பது டன்னையும் ஏத்தியிருந்தா முப்பத்தேழு டிகிரியில தொட்டி முழுசா நெறஞ்சிருக்கும்."



"இங்க இப்ப நாப்பத்திமூணு, யக்கா" என்றார்.

அவர் திட்டவில்லை. "புது சார்ட்டு வந்திருக்கு, கையிலதான் இருக்கு. நான் வாசிக்கேன், நீங்க ஒங்க தாளப் பாத்துச் செரியான்னு சொல்லுங்க" என்றார். முதல் வரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இலக்கமாக, புள்ளிக்குப் புள்ளி நிறுத்தி, வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் நான் சரி என்றேன். நாற்பது வரி. ஒன்றையும் விடவில்லை.